பச்சையா, சிவப்பா?

என் மகள் வயிற்றுப் பேரனுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துப் பார்க்க வரவில்லை. "எங்கள் பக்கத்தில் யாருக்கும் இப்படி இல்லையே!" என்றார் சம்பந்தியம்மாள். ரயில்வே கண் பரிசோதனைகளில் தேறிய எனக்கும் அந்தக் குறை கிடையாது. பின் எங்கிருந்து வந்தது? பள்ளி உயிரியலே விடை சொல்கிறது.

நம் செல்களில் 23 ஜோடி குரோமோசோம்கள் உள்ளன. அவற்றில் ஒரு ஜோடி பெண்ணுக்கு எக்ஸ்-எக்ஸ், ஆணுக்கு எக்ஸ்-ஒய். சிவப்பு, பச்சையை உணர்த்தும் மரபணுக்கள் எக்ஸில் இருக்கின்றன. பெண்ணுக்கு இரட்டைத் தண்டவாளம். ஒன்று பழுதானாலும் மற்றதில் வண்டி ஓடும். ஆணுக்கு ஒற்றைத் தண்டவாளம்தான்.

மகனுக்குத் தந்தை தருவது ஒய். ஆகவே மாப்பிள்ளை காரணமல்ல. என் எக்ஸில் பழுதில்லை. மிச்சம் என் மனைவி வழிதான். என் மாமனாருக்குப் பழுத்த மிளகாயும் காயும் ஒன்றாகவே தெரியும், கேலி செய்திருக்கிறோம்.

"என்னாலா?" என்று மனைவி கலங்கினாள். பழுதைச் சுமக்கும் தாயின் ஒவ்வொரு மகனுக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. யாரும் பொறுக்கியெடுத்துக் கொடுப்பதில்லை என்றேன்.

அணுக்கொள்கை தந்த ஜான் டால்டனுக்கும் இதே குறைதான். 1794-இல் தாமே அதை விளக்கிக் கட்டுரை வாசித்தார். பேரன் ரயில் ஓட்ட முடியாது, படிக்கத் தடையில்லை. உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் சிறு வயதிலேயே நிறப் பரிசோதனை செய்துவிடுங்கள்.