நிலையான முகவரி

குற்றாலத்தில் சாரல் காலத்தில் விடுதிக்கு வருவோர்க்கு அன்றன்று ஒழிந்த அறையே கிடைக்கும். தென்காசிக் கோயிலைத் தேடுவோரோ என்றும் ஒரே இடத்திற்கே வருகின்றனர். கணிப்பொறிகளின் ஐ.பி. முகவரியும் இவ்விரு வகைப்படும் என்பேன்.

தானாகக் கிடைக்கும் முகவரி மாறக்கூடும். பலரும் நாடும் கணிப்பொறிக்கு மாறாத முகவரி வேண்டும். கட்டளை வரியில் மூன்றைத் தருகிறோம்: 192.168.1.10 போன்ற முகவரி. அதன் 32 பிட்டுகளில் முதல் 24 வலையமைப்பைக் குறிப்பன என்னும் அளவு. வெளியே செல்லும் வாயிலின் முகவரி.

இரண்டை மறவாதீர்கள். ஒரே முகவரி இரு கணிப்பொறிகளுக்கு அமைந்தால் இரண்டின் தொடர்பும் குழம்பும். ஆதலின் தானாக வழங்கப்படும் வரிசைக்கு வெளியே ஓர் எண்ணைத் தேர்க. லினக்ஸில் கட்டளையால் மட்டும் இட்டது, கணிப்பொறியை அணைத்ததும் மறையும்; அமைப்புக் கோப்பில் எழுதியதே நிலைக்கும்.