மருந்துப் பரிசோதனை: உங்கள் நகல் எங்கே?

சித்தப்பாவுக்கு 58 வயது. பத்து வருடமாகச் சர்க்கரை. போன ஆடி மாதம் ஒருநாள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர், மஞ்சள் பையிலிருந்து மாத்திரைப் பட்டையோடு ஒரு கத்தைத் தாளையும் எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"புது மருந்தாம்பா. ஃப்ரீயா தர்றாங்க. போக வர பஸ் காசும் உண்டு. ரெண்டு இடத்துல கையெழுத்து வாங்கிக்கிட்டாங்க."

எண்ணிப் பார்த்தேன். 18 பக்கம். "படிச்சீங்களா சித்தப்பா?" என்றேன். "அந்தப் பொண்ணு எல்லாம் சொல்லுச்சு" என்றார். என்ன சொன்னது என்று துருவினால், "நல்ல மருந்து, பயப்பட வேணாம்னு சொல்லுச்சு" என்பதற்கு மேல் அவரிடம் எதுவும் இல்லை.

நல்ல மருந்து என்று முன்பே தெரிந்துவிட்டால் பரிசோதனை எதற்கு? அது தெரியாததால்தான் சித்தப்பாவைத் தேடி வந்திருக்கிறார்கள். ஒன்பதாம் பக்கத்தில் அது எழுதியும் இருந்தது. சேருகிறவர்களில் யாருக்குப் புது மருந்து, யாருக்குப் பழைய மருந்து என்பதைக் கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்குவதுபோல முடிவு செய்யும். அவர் கையில் இருந்த பட்டை எது என்று அவருக்கும் தெரியாது, கொடுத்த டாக்டருக்கும் தெரியாது. சில பரிசோதனைகளில் ஒரு பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத டம்மி மாத்திரை போகும். அதைத் தாளில் 'மருந்துப்போலி' என்று மொழிபெயர்த்து வைத்திருக்கிறார்கள். தெருவில் பத்துப் பேரைக் கேட்டால் ஒருவருக்குக்கூட அந்தச் சொல் புரியாது.

இதையெல்லாம் வைத்து, பரிசோதனை என்றாலே நம்மை எலியாக்கும் வேலை என்று சொல்ல வரவில்லை. தாம்பரத்துக்கு அடுத்துச் சானடோரியம் என்று ஒரு ரயில் நிலையம் இருக்கிறதே, அந்தப் பெயர் காசநோயாளிகளை ஊரைவிட்டுத் தள்ளி வைத்து வைத்தியம் பார்த்த காலத்தின் மிச்சம். அந்தக் காலத்தை முடித்துவைத்ததில் சென்னையில் நடந்த ஒரு பரிசோதனைக்குப் பெரிய பங்கு உண்டு. 1956-இல் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், இன்று சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது, 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதிக்குச் சானடோரியத்தில் மாத்திரையோடு ஓய்வும் நல்ல சாப்பாடும். மறுபாதி, நெருக்கடியான தங்கள் வீட்டிலேயே இருந்து அதே மாத்திரையைச் சாப்பிட்டார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. நோயாளிகளோடு ஒரே வீட்டில் இருந்தவர்களுக்கும் நோய் கூடுதலாகத் தொற்றவில்லை. உலகம் முழுக்கக் காசநோய்ச் சிகிச்சை வீட்டுக்கு வந்தது அதற்குப் பிறகுதான். 1968-இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் ஏறக்குறைய 2.6 லட்சம் பேரைச் சேர்த்து பி.சி.ஜி. தடுப்பூசியைச் சோதித்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அது தடுப்பதில்லை என்று தெரிந்தது. கசப்பான முடிவுதான், ஆனால் தெரிந்தாக வேண்டிய முடிவு. இன்று நாம் விழுங்கும் ஒவ்வொரு மாத்திரைக்குப் பின்னாலும் யாரோ முகம் தெரியாத ஒருவர் கையை நீட்டியிருக்கிறார்.

தப்பு வேறு இடத்தில் நடக்கிறது. 2009-இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியை 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்குப் போட்டார்கள். ஏழு சிறுமிகள் இறந்த செய்தி வெளியே வந்ததும் 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. அந்த இறப்புகளுக்குத் தடுப்பூசியோடு தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை என்றுதான் விசாரணைக் குழு சொன்னது. ஆனால் அதே குழு ஒப்புதல் படிவங்களைப் புரட்டியபோது, ஆந்திரத்தில் பார்த்த 9,543 படிவங்களில் 2,763-இல் விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பெற்றோர் எங்கோ ஒரு மலைக்கிராமத்தில். அவர்கள் பிள்ளையின் கைக்கு வார்டன் சம்மதம் கொடுத்திருக்கிறார். 2013-இல் நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கடுமையாகவே சாடியது. தடுப்பூசி நல்லதுதான், நான் அதைக் குறை சொல்லவில்லை. கையெழுத்துதான் கள்ளக் கையெழுத்து.

அதே காலத்தில் உச்ச நீதிமன்றத்தில் ஒரு பொதுநல வழக்கு நடந்துகொண்டிருந்தது. 2005 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை 475 புதிய மருந்துகளின் பரிசோதனைகளில் 2,644 பேர் இறந்தார்கள் என்றும், அதில் 80 இறப்புகள் மட்டுமே பரிசோதனையால் நேர்ந்தவை என்றும் மத்திய அரசு அங்கே கணக்குக் கொடுத்தது. நோயாளிகளை வைத்து நடப்பது என்பதால் இறப்புகளில் பெரும்பாலானவை நோயாலேயே இருக்கலாம். ஆனால் எது நோயால், எது மருந்தால் என்று யார் பிரிப்பது, எத்தனை நாளில் பிரிப்பது என்பதற்கு அப்போது இறுக்கமான விதி இல்லை. இழப்பீடு கட்டாயம் என்பதே 2013 ஜனவரியில்தான் விதியாயிற்று. வழக்கு கொடுத்த நெருக்கடியில் விதிகள் ஒவ்வொன்றாக வந்தன. 2019 மார்ச்சில் எல்லாம் சேர்ந்து 'புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகள்' ஆயின. சித்தப்பாவின் 18 பக்கமும் அந்த விதிகளுக்குப் பிறந்த குழந்தைதான்.

சித்தப்பா ஒன்றைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருந்தார். "கையெழுத்துப் போட்டாச்சு, இனி என்ன ஆனாலும் நாம கேட்க முடியாது" என்று நினைத்தார். ஆபரேஷனுக்கு முன்னால் வாங்கும் கையெழுத்து பற்றியும் நம் ஊரில் இப்படித்தான் பேச்சு. பரிசோதனை ஒப்புதல் தாள் எந்த உரிமையையும் எழுதி வாங்கிக்கொள்ளும் பத்திரம் அல்ல. கம்பெனி உங்களுக்கு என்னென்ன செய்யக் கடமைப்பட்டது என்று எழுதிக் கொடுக்கும் பத்திரம். அதனால்தான் அதன் நகலை உங்கள் கையில் கொடுத்தே ஆக வேண்டும் என்கிறது விதி. உங்களுக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால், பரிசோதனையோடு தொடர்பில்லாத ஒரு சாட்சி கூடவே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். முற்றிலும் புதிய மூலக்கூறை எளிதில் பணிய வைக்கக்கூடிய நிலையில் இருப்பவர்களிடம் சோதிக்கும்போது, விளக்கிச் சொல்வதையே வீடியோ எடுத்து வைக்க வேண்டும்.

எந்தக் கட்டத்திலும், காரணம் சொல்லாமலேயே விலகலாம். விலகினால் அதே ஆஸ்பத்திரியில் வழக்கமான வைத்தியம் நிற்கக் கூடாது. "பாதியில விட்டா டாக்டர் கோவிச்சுக்குவார்" என்பது சித்தப்பாவின் பயம். அந்தப் பயம் நியாயமானதுதான், ஏனென்றால் நாளை காலில் புண் வந்தாலும் அதே டாக்டரிடம்தான் போக வேண்டும். விதியில் எழுதியிருப்பது ஒன்று, ஓ.பி. வரிசையில் நிற்பவருக்கு இருக்கும் தைரியம் ஒன்று. அந்த இடைவெளிக்காகத்தான் நெறிமுறைக் குழு என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள்.

குறைந்தது ஏழு பேர் கொண்ட குழு அது. பாதிப் பேர் ஆஸ்பத்திரிக்கு வெளியே இருந்து வர வேண்டும், தலைவரும் வெளியாள். ஒரு பெண், ஒரு சட்டம் தெரிந்தவர், மருத்துவத்துக்குச் சம்பந்தமில்லாத ஒரு சாதாரண மனிதர் இருந்தாக வேண்டும். இந்தக் குழு அனுமதிக்காமல் யாரையும் பரிசோதனையில் சேர்க்க முடியாது. அதன் செயலர் எண் சித்தப்பாவின் தாளில் கடைசிப் பக்கத்தில் இருந்தது. கூப்பிட்டேன். மூன்றாவது தடவை எடுத்தார்கள். விவரம் சொன்னதும் மறுமுனையில் ஒரு கணம் சத்தமே இல்லை. "சொல்லுங்க சார், இந்த நம்பருக்கு இதுவரைக்கும் பேஷன்ட் சைடுல யாரும் பண்ணதில்ல, அதான்" என்றார் அந்த அம்மா. பிறகு பொறுமையாகவே பதில் சொன்னார்.

காசு பற்றிச் சொல்ல வேண்டும். பரிசோதனையின் பகுதியாகச் செய்கிற ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எதற்கும் நோயாளி பணம் கட்ட வேண்டியதில்லை. உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டால் வைத்தியம் இலவசம். அது பரிசோதனையால் வந்ததில்லை என்று நிரூபணம் ஆகும் வரை, அல்லது தேவைப்படும் வரை, கம்பெனிதான் பார்க்க வேண்டும். "இது மருந்தால வந்ததான்னு முதல்ல தெரியட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று யாராவது இழுத்தால், விதி அதற்கு நேர் எதிர்.

ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படியான பாதிப்போ உயிரிழப்போ நேர்ந்தால், பரிசோதனை நடத்தும் மருத்துவர் 24 மணி நேரத்துக்குள் டெல்லியிலுள்ள மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரிக்கும் நெறிமுறைக் குழுவுக்கும் கம்பெனிக்கும் தெரிவிக்க வேண்டும். இழப்பீடு உண்டா, எவ்வளவு என்று முடிவெடுப்பவர் அந்த அதிகாரிதான். உத்தரவு வந்த 30 நாளில் கம்பெனி பணத்தைக் கொடுக்க வேண்டும். மருந்தின் பக்கவிளைவுக்கு மட்டும் என்றில்லை. டம்மி மாத்திரை கொடுத்த குழுவில் கொடுக்க வேண்டிய வழக்கமான சிகிச்சையைத் தராமல் விட்டதற்கும், விதிமுறை மீறலுக்கும், வயிற்றிலிருக்கும் குழந்தைக்கு நேர்ந்த பாதிப்புக்கும் இழப்பீடு உண்டு.

தொகைக்கு ஒரு சூத்திரம் இருக்கிறது. அடிப்படை 8 லட்சம் ரூபாய். அதை வயதும் நோயின் கடுமையும் பெருக்கும். எந்த நோயும் இல்லாத 40 வயதுத் தன்னார்வலர் பரிசோதனையால் இறந்தால் குடும்பத்துக்கு ஏறத்தாழ 59 லட்சம் வரும். அதே 40 வயது, ஆனால் ஆறு மாதத்துக்கு மேல் தாங்காது என்று கைவிடப்பட்ட நோயாளி என்றால் ஏழரை லட்சத்தைக்கூடத் தொடாது. கணக்குப் போட்டவர்களுக்கு ஒரு நியாயம் இருக்கலாம். எனக்கு அது ஒட்டவில்லை. தற்காலிகப் பாதிப்புக்கு ஆஸ்பத்திரியில் படுத்த ஒவ்வொரு நாளுக்கும் டெல்லியின் குறைந்தபட்சக் கூலியில் இரண்டு மடங்கு. திண்டிவனத்தில் படுத்தாலும் டெல்லிக் கூலிதான்.

கேட்டதும் கிடைத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். 2020 நவம்பரில், கொரோனா தடுப்பூசிப் பரிசோதனையில் சேர்ந்த சென்னைத் தன்னார்வலர் ஒருவர் தனக்கு நரம்பியல் பாதிப்பு வந்ததாகச் சொல்லி 5 கோடி ரூபாய் கேட்டு நோட்டீஸ் அனுப்பினார். தடுப்பூசிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று மறுத்த கம்பெனி, 100 கோடிக்கு மேல் மானநஷ்டம் கேட்போம் என்றது. யார் பக்கம் உண்மை என்பது மருத்துவம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டியது. ஆனால் புகார் சொன்ன தன்னார்வலருக்குப் பதிலாக மிரட்டல் வந்தால், அடுத்த தடவை கை நீட்ட யார் வருவார்கள்?

நோயாளிகளைவிட எனக்கு அதிகக் கவலை தருகிறவர்கள் வேறு ஒரு கூட்டம். ஏற்கெனவே சந்தையில் இருக்கும் மருந்தின் நகலை இன்னொரு கம்பெனி தயாரிக்கும்போது, இரண்டும் ரத்தத்தில் ஒரே மாதிரி கலக்கிறதா என்று ஆரோக்கியமானவர்களிடம் பார்ப்பார்கள். ஓரிரு ராத்திரி உள்ளே தங்க வேண்டும். கையில் ஊசிக்குழாய் செருகி மணிக்கணக்கு வைத்து ரத்தம் எடுப்பார்கள். சில ஆயிரம் ரூபாய் கிடைக்கும். வேலையில்லாத பையன்களும் கல்லூரி மாணவர்களும் நண்பர் சொல்லிப் போகிறார்கள். ஒரு முறை கலந்துகொண்டால் பொதுவாக மூன்று மாத இடைவெளி கேட்பார்கள். பணத் தேவைக்காக அதை மறைத்து வேறு ஊர் மையத்துக்குப் போகிறவர்கள் உண்டு. முந்தைய மருந்தின் மிச்சம் உடம்பில் இருக்கும்போது அடுத்ததைப் போட்டால் என்ன ஆகும் என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. பொய் சொல்லிச் சேர்ந்ததால் இழப்பீடு கேட்கும்போதும் அந்தப் பொய் முன்னால் வந்து நிற்கும். இந்த மையங்களும் 2019 விதிகளின்படி பதிவு செய்தவையாக இருக்க வேண்டும். இழப்பீட்டு விதி இங்கேயும் பொருந்தும். சேருவதற்கு முன்பே, பாதியில் விலகினால் எவ்வளவு தருவீர்கள் என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி, ஏதாவது ஆகிவிட்டால். ராத்திரியில் மயக்கம் வந்து பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினால், முதல் வேலையாக அங்கிருக்கும் டாக்டரிடம் "பரிசோதனை மருந்து சாப்பிடுறார்" என்று சொல்லித் தாளைக் காட்டுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியை விடாமல் வாங்குங்கள். நெறிமுறைக் குழுவுக்குக் கடிதம் எழுதுங்கள், போன் மட்டும் போதாது. பதில் இல்லையென்றால் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் தென் மண்டல அலுவலகம் நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவன் வளாகத்திலேயே இருக்கிறது. வக்கீலுக்குப் பணமில்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலே அங்கே உதவி உண்டு. எல்லாவற்றுக்கும் முன்னால், பரிசோதனை உண்மையானதுதானா என்று பார்க்க, இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டின் எண்ணைக் கேளுங்கள். 2009 ஜூனிலிருந்து பதிவு கட்டாயம். அந்த எண்ணை இணையத்தில் போட்டால் எந்த மருந்து, எந்த ஆஸ்பத்திரிகள், எந்தக் கம்பெனி என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

சித்தப்பாவின் தாளில் எல்லாம் பார்த்து முடித்தபோது ஒரு இடம் காலியாக இருந்தது. வாரிசுதாரர் பெயர், உறவுமுறை. பரிசோதனையால் இறப்பு நேர்ந்தால் இழப்பீடு யாருக்குப் போக வேண்டும் என்று எழுதும் இடம். கையெழுத்து வாங்கிய அந்தப் பெண்ணும் கேட்கவில்லை, இவரும் எழுதவில்லை. சித்தி அடுப்படியிலிருந்து வந்து, "அதுல என் பேரு எழுதணுமா, எதுக்கு?" என்று கேட்டார். சித்தப்பா என் முகத்தைப் பார்த்தார். அடுத்த முறை போனபோது இரண்டு பிரதிகளிலும் எழுத வைத்து வாங்கி வந்தார். இப்போது அது ரேஷன் கார்டோடு பீரோவில் இருக்கிறது.

உங்கள் வீட்டில் யாராவது இப்படி ஒரு மருந்து சாப்பிடுகிறார்களா? இன்று ராத்திரியே அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, அந்த ஒரு வரி நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள்.