தோல்வியின் துயரும் வெற்றியின் செருக்கும்: இந்தோனேசியத் தேர்தல்கள் உணர்த்துவன

ஜாவா மொழியில் 'லெகோவோ' என்றொரு சொல் உண்டு. கைநழுவிப் போன ஒன்றை உள்ளத்தில் கசப்பின்றி ஏற்றுக்கொள்ளும் பண்பை அது குறிக்கும். இந்தோனேசியாவில் தேர்தல் முடிவுகள் வெளியாகும் காலங்களில் செய்தியாளர்களும் ஆலிம்களும் அரசியல் தலைவர்களும் இச்சொல்லைத் திரும்பத் திரும்ப எடுத்தாள்வர். ஒரு பண்பை இவ்வளவு வலியுறுத்திக் கேட்க வேண்டியிருக்கிறது என்றால், அது எளிதில் கிட்டுவதில்லை என்பதே பொருள்.

தாம் ஆதரித்த வேட்பாளர் தோற்றதும் ஒரு சாதாரணக் குடிமகன் ஏன் துக்க வீட்டுக்காரனைப் போல் ஆகிவிடுகிறான்? அண்டை வீட்டாரோடு பேச்சை ஏன் நிறுத்திக்கொள்கிறான்? இக்கேள்வி ஒரு நாட்டுக்கு மட்டும் உரியதன்று. கென்யாவில் 2007ஆம் ஆண்டின் இறுதியில் நடந்த அதிபர் தேர்தலின் முடிவைத் தொடர்ந்து மூண்ட கலவரங்களில் 1,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அமெரிக்காவில் 2021 ஜனவரி 6 அன்று, தோல்வியை ஏற்க மறுத்த கூட்டம் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்தது. எனினும் நாம் இங்கு இந்தோனேசியாவையே ஆராய எடுத்துக்கொள்கிறோம். அங்கு ஒரே இரு வேட்பாளர்கள் இரு முறை மோதிப் பின்னர் கைகோத்துக்கொண்டனர். ஆதலால், தலைவர்களின் கணக்கு எங்கே முடிகிறது, மக்களின் காயம் எங்கே தொடங்குகிறது என்பதை அங்கே பிரித்துப் பார்க்க இயலும்.

இரண்டாகப் பிளந்த நாடு

இந்தோனேசிய மக்கள் தம் அதிபரை நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் உரிமையை 2004இல்தான் பெற்றனர். அவ்வாண்டு ஐந்து அணிகளும் 2009இல் மூன்று அணிகளும் போட்டியிட்டன. வேட்பாளரை நிறுத்த, ஒரு கட்சிக்கோ கூட்டணிக்கோ நாடாளுமன்றத்தில் 20 விழுக்காடு இடங்கள் அல்லது நாடளாவிய வாக்குகளில் 25 விழுக்காடு இருக்க வேண்டும் என்ற விதி களத்தைச் சுருக்கியது. 2014இலும் 2019இலும் இருவர் மட்டுமே எஞ்சினர். மூவர் ஐவர் போட்டியிடும்போது ஒருவனுக்கு இரண்டாம் விருப்பம் என்று ஒன்று இருக்கும். இருவர் மட்டுமே நிற்கும்போது 'நாம்', 'அவர்கள்' என்பதைத் தவிர வேறு பிரிவுக்கு இடமில்லாமல் போகிறது.

ஒருவர் ஜோகோ விடோடோ. மரச்சாமான் வணிகராக இருந்து சோலோ நகர மேயராகவும், 2012இல் ஜகார்த்தா ஆளுநராகவும் உயர்ந்தவர். மக்கள் அவரை ஜோகோவி என்பர். மற்றவர் பிரபோவோ சுபியாந்தோ. முன்னாள் படைத் தளபதி. அதிபர் சுகார்த்தோவின் மருமகனாக இருந்தவர். 2012இல் ஜோகோவியை ஜகார்த்தா ஆளுநர் பதவிக்கு நிறுத்தி ஆதரித்த கட்சிகளுள் பிரபோவோவின் கட்சியும் ஒன்று என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

2014 ஜூலை 9 அன்று வாக்களிப்பு நடந்தது. அன்று மாலையே இருவரும் தத்தம் வெற்றியை அறிவித்தனர். ஜூலை 22 அன்று வெளியான முடிவில் ஜோகோவி 53.15 விழுக்காடும் பிரபோவோ 46.85 விழுக்காடும் பெற்றிருந்தனர். ஜோகோவி முஸ்லிமே அல்லர், சீனக் கிறிஸ்தவ வழித்தோன்றல் என்ற பொய்ச் செய்தியைத் தாங்கிய இதழ் ஒன்று அத்தேர்தல் காலத்தில் ஜாவாவின் பள்ளிவாசல்களுக்கும் மத்ரஸாக்களுக்கும் அனுப்பப்பட்டது. அதை வெளியிட்டோர் பின்னர் சிறைத் தண்டனை பெற்றனர். ஆயினும் செய்தி விதைக்கப்பட்டுவிட்டது. வேட்பாளரின் கொள்கையை எடைபோட வேண்டிய இடத்தில் அவரது ஈமானை எடைபோடும் வழக்கம் புகுந்தது.

அவ்வழக்கம் எவ்வளவு தூரம் சென்றது என்பதை 2017ஆம் ஆண்டின் ஜகார்த்தா ஆளுநர் தேர்தல் காட்டியது. கிறிஸ்தவரான வேட்பாளரை ஆதரிக்கும் முஸ்லிமின் ஜனாஸாவுக்குத் தொழுகை நடத்தமாட்டோம் என்னும் பதாகைகள் சில பள்ளிவாசல்களில் தொங்கின. நகர நிர்வாகம் அவற்றை அகற்ற நேர்ந்தது. வாக்குச் சீட்டின் பகை மையித்தைத் தொடும் அளவுக்கு வந்தபின், அதை அரசியல் கருத்து வேறுபாடு என்று மட்டும் அழைப்பது பொருந்தாது.

இதற்கிடையே இரு தரப்பாரும் ஒருவரையொருவர் விலங்குப் பெயரால் அழைக்கத் தொடங்கினர். ஜோகோவியின் ஆதரவாளர் 'செபோங்', அதாவது தலைப்பிரட்டை. பிரபோவோவின் ஆதரவாளர் 'கம்ப்ரெத்'. அதாவது சிறு வௌவால். விளையாட்டாகத் தோன்றிய இப்பெயர்கள் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களுக்குள்ளும் புகுந்தன. மாமனை மருமகன் வௌவால் என்றும், மருமகனை மாமன் தலைப்பிரட்டை என்றும் அழைத்துவிட்ட பின்னர், பெருநாள் அன்று ஸலாம் சொல்லிக் கைகுலுக்குவது எத்துணைக் கடினம்!

நம்ப முடியாத தோல்வி

2019 ஏப்ரல் 17 அன்று மீண்டும் இருவருமே மோதினர். பதிவு பெற்ற வாக்காளர் ஏறத்தாழ 19 கோடியே 30 இலட்சம். வாக்குச் சாவடிகள் எட்டு இலட்சத்துக்கும் அதிகம். பெயர்பெற்ற ஆய்வு நிறுவனங்களின் விரைவுக் கணிப்புகள் ஜோகோவி முன்னிலையில் இருப்பதாகக் கூறின. பிரபோவோவோ தாம் 62 விழுக்காடு பெற்றுவிட்டதாக அறிவித்து, ஆதரவாளர் முன்னிலையில் நன்றி ஸஜ்தாவும் செய்தார். ஒரு மாதத்துக்குப் பின் மே 21 அதிகாலையில் வந்த அதிகாரபூர்வ முடிவில் ஜோகோவி 55.50 விழுக்காடும் பிரபோவோ 44.50 விழுக்காடும் பெற்றிருந்தனர்.

முடிவை நம்ப மறுத்த இலட்சக்கணக்கானோர் அனைவரும் அறிவிலிகளா? அல்லர். வரைபடத்தைப் பார்த்தால் காரணம் புலப்படும். மேற்குச் சுமத்ராவிலும் ஆச்சேயிலும் பிரபோவோ ஏறத்தாழ 85 விழுக்காடு வாக்குகளைப் பெற்றார். பாலியில் ஜோகோவி 90 விழுக்காட்டுக்கும் மேல் பெற்றார். மத்திய ஜாவாவில் நான்கில் மூன்று பங்குக்கும் அதிகம் அவருக்கே கிடைத்தது. மேற்குச் சுமத்ராவின் பாடாங் நகரில் வாழும் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். அவருடைய வீட்டில், கடைத்தெருவில், பள்ளிவாசலில் சந்திக்கும் ஏழு பேரில் ஆறு பேர் பிரபோவோவுக்கு வாக்களித்தவர்கள். அவர் கண்ணால் கண்ட நாடு அது. ஜகார்த்தாவிலிருந்து வரும் எண், அவர் கண்ட நாட்டைப் பொய் என்கிறது. கண்ணை நம்புவதா, எண்ணை நம்புவதா?

தம் கருத்தே பெரும்பாலோரின் கருத்து என்று மனிதர் மிகையாக மதிப்பிடுவதை அமெரிக்க உளவியலாளர் லீ ராஸ் 1977இல் தம் உடனாய்வாளர்களோடு ஆய்ந்து காட்டினார். இந்தோனேசியாவில் இவ்வியல்பான பிழைக்கு நிலவியலும் துணைபோயிற்று. தலைவரின் 62 விழுக்காட்டு அறிவிப்பு அதற்கு முத்திரையிட்டது. வெற்றி பெற்றுவிட்டோம் என்று ஒரு மாதம் மகிழ்ந்திருந்தவனுக்குத் தோல்வி என்பது இழப்பாகத் தெரிவதில்லை, களவாகவே தெரியும். தோற்றவனின் துயரம் ஆறும். களவு கொடுத்தவனின் சினம் எளிதில் ஆறாது.

அச்சினத்துக்கு இன்னொரு துயரமும் தீனியாயிற்று. ஐந்து தேர்தல்களை ஒரே நாளில் நடத்தியதால், வாக்குகளைக் கையால் எண்ணும் பணி இரவைக் கடந்தும் நீண்டது. களைப்பாலும் இதய நோய் முதலியவற்றாலும் ஏறத்தாழ 900 தேர்தல் பணியாளர்கள் உயிரிழந்தனர். இவர்கள் நஞ்சூட்டப்பட்டனர் என்ற வதந்தி உடனே பரவியது. குர்ஆனின் 49ஆம் அத்தியாயத்தில் வரும், தீர விசாரித்தறிதலைக் குறிக்கும் 'தபய்யுன்' என்னும் சொல் இந்தோனேசிய மொழியிலும் வழங்குகிறது. பொய்ச் செய்திகளைப் பற்றிய உரைகளில் அது இடம்பெறாத நாள் அன்று இல்லை. ஆனால் சொல் பரவிய அளவுக்குச் செயல் பரவவில்லை.

வென்றவர் தரப்பும் பழிக்கு அப்பாற்பட்டதன்று. பகைவனின் துன்பம் கண்டு மகிழ்வதை அரபியர் 'ஷமாத்தத்' என்னும் ஒரே சொல்லால் குறிப்பர். தோற்றவரின் கண்ணீரைக் கேலிப் படமாக்கிச் சுற்றுக்கு விடுவது அக்காலத்தில் வேடிக்கையாகக் கருதப்பட்டது. ஜனநாயகத்தின் உறுதி, தோற்றோர் அத்தோல்விக்கு அளிக்கும் இசைவில் இருக்கிறது என்று அரசியல் அறிஞர் ஐவர் 2005இல் வெளியிட்ட ஒரு நூலில் வாதிட்டனர். அவ்வாறாயின், தோற்றவனை இழிவுபடுத்துபவன் தன் வெற்றியின் அடித்தளத்தையே தோண்டுகிறான்.

ரமளானில் ஒரு முடிவு

2014, 2019 ஆகிய இரு தேர்தல்களின் முடிவுகளும் ரமளான் மாதத்திலேயே அறிவிக்கப்பட்டன. 2019 மே 21, 22 ஆகிய நாள்களில் ஜகார்த்தாவின் தம்ரின் சாலையில் உள்ள தேர்தல் மேற்பார்வை அலுவலகத்தின் முன் கூடிய போராட்டம், இரவில் கலவரமாக மாறி தானா அபாங் பகுதிக்கும் பரவியது. குறைந்தது எட்டுப் பேர் இறந்தனர். அவர்களுள் பதின்பருவத்தினரும் இருந்தனர். நூற்றுக்கணக்கானோர் காயமுற்றனர். சமூக ஊடகங்களில் படங்களைப் பகிர்வதை அரசு சில நாள்கள் முடக்கியது.

மே 24 இரவு பிரபோவோ தரப்பு அரசமைப்பு நீதிமன்றத்தை நாடியது. ஜூன் 5 அன்று பெருநாள் வந்தது. ஜூன் 27 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக வழக்கைத் தள்ளுபடி செய்தனர். தீர்ப்பு ஏமாற்றமளித்தாலும் அரசமைப்பை மதிப்பதாகப் பிரபோவோ அறிவித்தார். வீதியில் எழுந்த கேள்வி நீதிமன்றத்தில் சான்றுகளோடு விசாரிக்கப்பட்டு, காரணங்களோடு விடை பெற்றது. அவ்வகையில் அந்நாட்டு நிறுவனங்கள் தம் கடமையைச் செய்தன.

ஜூலை 13 அன்று ஜோகோவியும் பிரபோவோவும் ஜகார்த்தாவில் புதிதாகத் திறக்கப்பட்டிருந்த மெட்ரோ ரயிலில் லெபாக் பூலுஸ் நிலையத்திலிருந்து செனயான் வரை ஒன்றாகப் பயணம் செய்து, பின் ஒன்றாக உணவருந்தினர். இனிச் செபோங்கும் இல்லை, கம்ப்ரெத்தும் இல்லை என்று அறிவிக்கப்பட்டது. அக்டோபர் 23 அன்று பிரபோவோ, ஜோகோவியின் பாதுகாப்பு அமைச்சராகப் பதவியேற்றார். 2024 பிப்ரவரி 14 அன்று நடந்த தேர்தலில் ஜோகோவியின் மூத்த மகனையே துணை அதிபர் வேட்பாளராக நிறுத்தி, 58 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட வாக்குகளோடு பிரபோவோ வென்றார்.

யார் யாரை மன்னிப்பது?

இந்த இணக்கத்தால் நாடு அமைதியடைந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. பகை நீடிப்பதைவிட நட்பு மேலானது. ஆனால் எதிரணி அமைச்சரவைக்குள் சென்றுவிட்டால் ஆட்சியைக் கேள்வி கேட்பவர் யார் என்னும் ஐயம் ஒருபுறம். மறுபுறம், இவர்களுக்காக அண்ணனோடு பேச்சை முறித்துக்கொண்ட தம்பி, அந்த ரயில் பயணப் படத்தைப் பார்த்தபோது என்ன நினைத்திருப்பான்? பிரபோவோவின் தீவிர ஆதரவாளர் பலர் தாம் கைவிடப்பட்டதாக வெளிப்படையாகவே வருந்தினர். ஜோகோவியை மாற்றத்தின் அடையாளமாகக் கண்டவரும் மனம் நொந்தனர். 1998இல் ஆர்வலர்கள் கடத்தப்பட்ட விவகாரத்தில் படையிலிருந்து நீக்கப்பட்ட ஒருவர், தம் தலைவராலேயே பாதுகாப்பு அமைச்சராக்கப்பட்டதை அவர்களால் ஏற்க இயலவில்லை.

இங்கு இந்தோனேசிய முஸ்லிம்களின் ஒரு வழக்கத்தை நாம் கருத்தில் கொள்ளலாம். ரமளான் பெருநாளை அடுத்து உறவினரும் அண்டை அயலாரும் அலுவலகத்தாரும் ஒன்றுகூடி ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்பர். இதனை 'ஹலால் பிஹலால்' என்பர். சொற்கள் அரபு, ஆனால் தொடர் அரபியர் அறியாதது. 'ஹல்ல' என்னும் வினைக்கு முடிச்சை அவிழ்த்தல் என்றும் ஒரு பொருள் உண்டு. 1948இல் அரசியல் தலைவர்கள் பிணங்கி நின்றபோது, அவர்களை ஒன்றுகூட்ட வழி கேட்ட அதிபர் சுகார்னோவுக்கு நஹ்ளத்துல் உலமாவின் அறிஞர் அப்துல் வஹ்ஹாப் ஹஸ்புல்லாஹ் இதனைப் பரிந்துரைத்தார் என்று அவ்வமைப்பினர் கூறி வருகின்றனர். சொல் அதற்கு முன்பே ஜாவாவில் வழங்கியதாகக் கூறுவோரும் உளர். எவ்வாறாயினும், அரசியல் பிணக்கோடு இவ்வழக்கத்துக்குள்ள உறவு பழையது.

இவ்வழக்கத்தின் உள்ளே ஒரு சட்ட நுணுக்கம் இருக்கிறது. மனிதன் மனிதனுக்குச் செய்த தீங்கைப் பாதிக்கப்பட்டவனே மன்னிக்க வேண்டும். 'ஹுகூகுல் இபாத்' எனப்படும் அடியார் உரிமைகளைப் பற்றி மத்ரஸாவின் தொடக்க வகுப்பிலேயே நாம் கற்பிக்கும் செய்தி இது. தலைவர் இருவரும் தமக்குள் இருந்த பிணக்கைத் தீர்த்துக்கொள்ளலாம். மே மாத இரவுகளில் மகனை இழந்த தாயின் சார்பில் அவர்கள் மன்னித்துவிட முடியாது. மாமனை வௌவால் என்றழைத்த மருமகனுக்காக அதிபர் மன்னிப்புக் கேட்க முடியாது. மேலிருந்து மூட்டப்பட்ட பகை மேலேயே தணிந்துவிட்டது. கீழே சேர்ந்த கடன்களோ, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஆளுக்கு ஆள் தீர்க்கப்பட வேண்டியவையாகவே எஞ்சின.

2024இல் மூவர் போட்டியிட்டனர். தோற்ற இருவரின் வழக்குகளை அரசமைப்பு நீதிமன்றம் தள்ளுபடி செய்தபோது, எட்டு நீதிபதிகளுள் மூவர் மாறுபட்ட தீர்ப்பு எழுதினர். துயரமும் ஐயமும் அப்போதும் இருந்தன. ஆனால் 2019இன் கலவர இரவுகள் திரும்பவில்லை. முந்தைய தேர்தல்களின் எதிரிகள் ஒரே அணியில் நின்றதும், இரு கூறாக இருந்த களம் மூன்றானதும் அதற்குக் காரணங்களாகலாம். 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், வேட்பாளர்களின் எண்ணிக்கையைச் சுருக்கி வந்த அந்த 20 விழுக்காட்டு விதியையே நீக்கிற்று.

தேர்தலில் தோற்றவன் அழுவதில் குற்றமில்லை. தன் நாட்டின் போக்கில் அக்கறை கொண்டவனுக்கே அத்துயரம் வரும். ஐயம் இருந்தால் நீதிமன்றம் செல்வதும் அவன் உரிமை. ஆனால் வாக்குப் பெட்டி ஐந்தாண்டுக்கு ஒருமுறை திறக்கிறது; அண்டை வீட்டின் கதவு நாள்தோறும் திறக்கிறது. நாம் வாக்களித்த தலைவர் நாளை யாரோடு அமர்ந்து உணவருந்துவார் என்பதை நாம் அறியோம். நம் வீட்டு ஜனாஸாவைத் தூக்கத் தோள் கொடுப்பவர் யார் என்பதை நாம் நன்கறிவோம்.