உங்களுக்குத் தெரியுமா? – பலகைக்குள் ஒரு வில்

நாலைந்து கைக்கருவிகளை வைத்துக்கொண்டு, வீட்டு முற்றத்திலேயே ஒரு மரப்பலகையை அம்பெய்யும் வில்லாக்கிவிடலாம். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இதைப் பொழுதுபோக்காகச் செய்பவர்கள் நிறையப் பேர். அந்த வேலைக்குள் இருக்கும் கணக்கு, இயற்பியல், சரித்திரம், கொஞ்சம் தமிழ் எல்லாம் இங்கே துணுக்குகளாக.

கழித்தல் கணக்கு

வில் செய்வதில் கூட்டல் கிடையாது. பலகையின் விறைப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, கை இழுக்கும் அளவுக்கு இறக்கிக் கொண்டுவருவதுதான் மொத்த வேலையும். 50 பவுண்டு இழுவிசையுள்ள வில்லை 35 பவுண்டு ஆக்குவது எளிது. 35 வேண்டிய இடத்தில் 25-க்கு இறங்கிவிட்டால், சீவியதைத் திரும்ப ஒட்ட முடியாது. இரு நுனியையும் அறுத்துக் குட்டையாக்கினால் கொஞ்சம் விறைப்பு கூடும், அவ்வளவுதான். அதனால்தான் அனுபவசாலிகள் அரத்தை எடுப்பதைவிடக் கீழே வைப்பதில் கவனமாக இருப்பார்கள்.

கருவிப் பெட்டியில் என்ன?

கைரம்பம், முரட்டு அரம், வழவழப்பான அரம், உப்புத்தாள், பென்சில், பலகையை அசையாமல் பிடிக்க இரண்டு கிளாம்ப். இழைப்புளி இருந்தால் முதல்நாள் வேலை சீக்கிரம் முடியும். கடைசிக்கட்டத்தில் கத்தியின் வாயை நிமிர்த்திப் பிடித்துச் சுரண்டினாலே மெல்லிய சுருள் சுருளாக மரம் வரும். இழுவிசையை அளக்கத் தனிக் கருவி வாங்க வேண்டாம். பயணப்பெட்டியைத் தூக்கி எடை பார்க்கும் கொக்கித் தராசு போதும்.

ரேகை பார்த்து வாங்குங்கள்

அமெரிக்காவில் முதல் வில் செய்பவர்கள் பெரும்பாலும் மரக்கடையில் கிடைக்கும் சிவப்பு ஓக் பலகையில்தான் தொடங்குவார்கள். நீளம் ஆறடி, அகலம் இரண்டு அங்குலத்துக்குள். பலகை கனமா, அழகா என்பது இரண்டாம்பட்சம். மர ரேகை ஒரு முனையில் கிளம்பி மறுமுனைவரை ஓரத்தில் இறங்காமல் ஓட வேண்டும். நடுவழியில் ரேகை பக்கவாட்டில் வெளியேறுகிற இடத்தில்தான் வில் பிளக்கும். ஒரு நல்ல பலகைக்காக அடுக்கு முழுவதையும் புரட்டிப்போடும் ஆளைப் பார்த்தால், அவர் வில் செய்யப் போகிறவராக இருக்கலாம்.

முதுகுக்கு ஒரு வேலை, வயிற்றுக்கு ஒரு வேலை

இலக்கைப் பார்த்திருக்கும் பக்கம் வில்லின் முதுகு. எய்பவரைப் பார்த்திருப்பது வயிறு. நாணை இழுத்ததும் முதுகு நார்கள் இழுபட்டு நீளும். வயிற்று நார்கள் நசுங்கும். முதுகு தோற்றால் வில் இரண்டாக முறியும். வயிறு தோற்றால் உடனே முறியாது. குறுக்கே மயிரிழை போன்ற சுருக்கங்கள் விழும். ஐரோப்பாவின் யூ மரத்துக்கு அத்தனை மவுசு வந்ததற்குக் காரணம் இதுதான். அதன் வெளிப்பக்கத்து வெளிறு இழுவையைத் தாங்கும், உள்ளே இருக்கும் வைரம் நசுக்கலைத் தாங்கும். இரண்டும் சேரும் இடத்தில் கட்டையை வெட்டினால் இயற்கையே ஒட்டிக்கொடுத்த இரட்டை அடுக்கு வில் கிடைத்துவிடும்.

வெளியே வைரம்

தென்னை, பனை, மூங்கில் போல வெளிப்புறம் கெட்டியானவற்றைப் 'புல்' என்றும், உள்ளே வைரம் உள்ளவற்றை 'மரம்' என்றும் பிரித்தது தொல்காப்பியம். வில் செய்பவருக்கு இது இன்றும் உதவும் பாடம். மூங்கிலின் வலுவான நார்கள் நெருங்கி நிற்பது தோலை ஒட்டித்தான். எனவே மூங்கிலில் வில் செய்தால் முதுகுப் பக்கத்துத் தோலைச் சீவக்கூடாது, சீவலெல்லாம் உள்பக்கத்தில்தான்.

ஒரே ஆண்டின் வளையம்

அமெரிக்கப் பூர்வகுடிகள் கொண்டாடிய வில் மரம் ஒசேஜ் ஆரஞ்சு. பிரெஞ்சுக்காரர்கள் அதற்கு வைத்த பெயரான 'புவா தார்க்' என்பதற்குப் பொருளே 'வில் மரம்'. இதில் வில் செய்பவர்கள் ஒரே ஓர் ஆண்டு வளையத்தைத் தேர்ந்து, முனையிலிருந்து முனைவரை அதை மட்டும் முதுகாக விட்டு, மேலே உள்ளதையெல்லாம் உரித்தெடுப்பார்கள். இடையில் கத்தி சறுக்கி அந்த வளையம் அறுந்தால், அடுத்த வளையத்தில் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

அரை நூல் செய்யும் மாயம்

அகலத்தை இருமடங்காக்கினால் விறைப்பும் இருமடங்காகும். கனத்தை இருமடங்காக்கினால் எட்டு மடங்கு! கனத்தின் மும்மடிக்கு ஏற்ப விறைப்பு மாறுவதே காரணம். நம் தச்சர்கள் அங்குலத்தை எட்டு நூலாகப் பிரிப்பார்கள். நான்கு நூல் கனமுள்ள பலகையில் அரை நூல் மட்டும் இழைத்துவிட்டால், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விறைப்பு போய்விடும். இழுவிசையை அதிகம் குறைக்க வேண்டுமென்றால் வயிற்றில் சீவுங்கள். சற்றே குறைத்தால் போதுமென்றால் பக்கவாட்டில் சீவுங்கள்.

9,000 ஆண்டுப் பழைய வடிவம்

டென்மார்க்கின் ஹோல்மகார்ட் சதுப்பு நிலத்தில் 1944-இல் எல்ம் மர வில் ஒன்று கிடைத்தது. வயது சுமார் 9,000 ஆண்டு. ஒடுங்கிய கைப்பிடி, அதன் இருபுறமும் அகன்று தட்டையான கரங்கள், மெலிந்த நுனிகள். கல்லாயுதம் மட்டுமே தெரிந்த ஒருவர் எட்டிய இந்த வடிவம்தான், இன்றைக்கும் வீட்டில் வில் செய்யத் தொடங்குபவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கப்படுவது.

ராக்கெட் விஞ்ஞானி சொன்னது

இங்கிலாந்தின் நீள்வில் அகலம் குறைந்து, வயிறு புடைத்திருக்கும். அதுவே உத்தமம் என்று வெகுகாலம் நம்பப்பட்டது. 1930-களில் அமெரிக்க இயற்பியலாளர் கிளாரன்ஸ் ஹிக்மன் கணக்குப் போட்டுப் பார்த்தார். ராக்கெட் முன்னோடி ராபர்ட் காடார்டுடன் வேலை செய்தவர் அவர். வயிறு புடைத்திருந்தால் மேட்டின் உச்சியில் இருக்கும் நார்களே முழுச் சுமையையும் வாங்குகின்றன, தட்டையாக இருந்தால் எல்லா நாரும் பங்குபோட்டுக்கொள்கின்றன என்றார். சதுப்பு நிலத்து வில்லும் அவர் பக்கம்தான்.

வளைய மறுக்கும் இடத்தில் மட்டும்

பலகையை வில் வடிவத்தில் அறுப்பது அரைநாள் வேலை. இரு கரமும் ஒரே சீராக வளையும்படி சமன்செய்வதுதான் வித்தை. 'டில்லரிங்' என்பது அதன் பெயர். ஒரு கட்டையில் அங்குலத்துக்கு ஒரு வெட்டு போட்டு, கைப்பிடியை அதன் தலையில் உட்கார வைத்து, நாணை ஒவ்வொரு வெட்டாகக் கீழே இறக்கிப் பார்ப்பார்கள். எங்கே விறைத்து நிற்கிறதோ அங்கே பென்சில் கோடு; அங்கே மட்டும் அரம். நன்றாக வளையும் இடத்தைத் தொடவே கூடாது. ஒவ்வொரு சீவலுக்குப் பிறகும் இருபது முப்பது முறை மெல்ல இழுத்துவிட்டால்தான் மாற்றம் கண்ணுக்குத் தெரியும். 35 பவுண்டு வில் வேண்டுமானால், தராசு 35 காட்டியதும் நிறுத்திவிட வேண்டும். அது பாதி இழுவையாகவே இருந்தாலும் சரி, அதற்கு மேல் இழுக்காமல் மறுபடியும் சீவ வேண்டும். கைபேசியில் படம் எடுத்துப் பார்ப்பது நல்ல உத்தி. கண் மன்னிக்கும் கோணலைப் படம் மன்னிக்காது.

குதை தெரியுமா?

நாண் மாட்டுவதற்காக வில்லின் நுனியில் போடும் வெட்டுக்குத் தமிழில் தனிப் பெயரே உண்டு: குதை. அம்பின் வாலில் நாண் பொருந்தும் பிளவுக்கும் அதே பெயர்தான். குதையை முதுகுப் பக்கம் ஆழமாக வெட்டக் கூடாது. முதுகு நார் அறுந்தால் நுனி பிளந்துவிடும். பக்கவாட்டில் உருண்டை அரத்தால் சரிவாக இழைத்தால் போதும். ஓரங்கள் மழுங்கியிருக்க வேண்டும்; கூராக இருந்தால் நாணைத் தின்றுவிடும்.

வரவேற்பறையில் நாண்

பாம்புச் செடி என்று வரவேற்பறையில் வைக்கிறோமே, அதன் உறவுக்காரச் செடி நம் ஊர் மரல். மருள் என்றும் சொல்வார்கள். ஆங்கிலத்தில் அதற்கு 'வில்நாண் சணல்' என்ற பொருளில் பெயர். அதன் நார் அவ்வளவு உறுதி. மந்தை மேய்க்கும் இடையர் ஒருவர் குமிழ மரத்துக் கொம்பை வளைத்து, மரல் நாரை நரம்பாகக் கட்டி, வில்யாழ் செய்து வாசிப்பதைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. இன்று வீட்டில் செய்யும் வில்லுக்குப் பெரும்பாலும் பாலியெஸ்டர் நூலைப் பல இழையாக முறுக்கி நாண் திரிக்கிறார்கள். நாணேற்றியதும் கைப்பிடிக்கும் நாணுக்கும் நடுவே, நிமிர்த்திய கட்டைவிரலோடு ஒரு முஷ்டி அளவு இடைவெளி இருக்க வேண்டும். சுமார் 6 அங்குலம்.

கூன் விழும் வில்

மரத்தில் ஈரம் 8 முதல் 10 சதவீதம் இருந்தால் உத்தமம். அதிகமானால் நார்கள் நசுங்கிப்போய், நாணை அவிழ்த்த பிறகும் வில் கூன் விழுந்தே நிற்கும். ரொம்பக் காய்ந்தால் முறியும். கடலோர ஊர்களின் மழைக்காலத்தில் பலகை காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். எண்ணெயோ வார்னிஷோ பூசி வைப்பது அதற்காகத்தான். எய்து முடித்ததும் நாணை இறக்கிவிடுங்கள்.

மூழ்கிய கப்பல், வெளிவந்த புத்தகம்

1472-இல் இங்கிலாந்து ஒரு விநோதச் சட்டம் போட்டது. இறக்குமதிக் கப்பல்கள் ஒவ்வொரு டன் சரக்குக்கும் நான்கு வில்கட்டைகள் கொண்டுவர வேண்டும்! 1545-இல் எட்டாம் ஹென்றியின் மேரி ரோஸ் போர்க்கப்பல் மூழ்கியது. 1982-இல் அதைத் தூக்கினார்கள். அந்தச் சிதைவிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட வில்களும் 3,500-க்கும் மேற்பட்ட அம்புகளும் கிடைத்தன. அந்த வில்களின் இழுவிசை 100 முதல் 185 பவுண்டு வரை இருந்திருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். நம் முதல் வில்லுக்கு 35 பவுண்டு தாராளம். கப்பல் மூழ்கிய அதே 1545-இல்தான் வில்வித்தை பற்றிய முதல் ஆங்கில நூலான ரோஜர் ஆஸ்கமின் 'டாக்ஸோஃபிலஸ்' வெளிவந்தது.

மருத்துவரும் மாணவரே

யாஹி இனத்தின் கடைசி மனிதராக அறியப்படும் இஷி, 1911-இல் கலிஃபோர்னியாவின் ஓரோவில் ஊரில் காட்டிலிருந்து வெளியே வந்தார். அவரைக் கவனித்துக்கொண்ட மருத்துவர் சாக்ஸ்டன் போப், அவரிடமே வில் செய்யவும் எய்யவும் கற்றுக்கொண்டார். 1916-இல் இஷி காசநோயால் இறந்தார். போப் 1923-இல் எழுதிய நூல், அமெரிக்காவில் மரவில் செய்யும் ஆசையைப் பலருக்குத் தொற்ற வைத்தது.

வளைந்து போனால்தான் நேரே போகும்

வீட்டு வில்லில் அம்பு நடுவே உட்காராது. கைப்பிடிக்குப் பக்கத்தில்தான் இருக்கும். கணக்குப்படி அது ஒருபக்கமாக விலகித்தான் போக வேண்டும். ஆனால் நாண் தள்ளியதும் அம்புத்தண்டு மீனைப்போல நெளிந்து, கைப்பிடியைச் சுற்றிக்கொண்டு இலக்குக்கே போகிறது. இதை 'வில்லாளியின் புதிர்' என்பார்கள். தண்டு அளவுக்கு மீறி விறைப்பாக இருந்தாலும் குறி தப்பும், தொளதொளவென்று இருந்தாலும் தப்பும்.

வெறும் நாணை விடாதீர்கள்

அம்பில்லாமல் நாணை இழுத்துவிட்டால் ஓசை இனிமையாக இருக்கும். வில்லுக்கு அதுவே எமன். அம்பு எடுத்துப்போக வேண்டிய விசை மொத்தமும் வில்லின் கரங்களுக்கே திரும்பும். மிகவும் இலேசான அம்பும் ஏறக்குறைய அதே கேட்டைச் செய்யும். மரவில்லில் ஒரு பவுண்டு இழுவிசைக்கு அம்பில் பத்து கிரெய்ன் எடை என்பது பொதுவிதி. அதாவது 35 பவுண்டு வில்லுக்குச் சுமார் 23 கிராம் அம்பு. இலக்கு வைக்கோல் கட்டாக இருக்கட்டும், அதன் பின்னால் ஆள் நடமாட்டமில்லாத மண்மேடு இருக்கட்டும்.

மூங்கிலில் தொடங்கிய பதக்கம்

2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்ற ஜார்க்கண்டின் தீபிகா குமாரி, சிறுமியாக இருந்தபோது பழகியது வீட்டில் செய்த மூங்கில் வில்லில். 'இந்தியன் ரவுண்ட்' என்ற பிரிவில் இன்றும் மூங்கில் வில்லால்தான் போட்டியிடுகிறார்கள்; தூரம் 30, 50 மீட்டர். வில்வித்தையே தேசிய விளையாட்டான பூட்டானில் இலக்கு சுமார் 145 மீட்டர் தள்ளி நிற்கும். ஒலிம்பிக்கில் வெறும் 70.

பாதியில் நின்ற வில்

1991-இல் ஆல்ப்ஸ் பனியில் கண்டெடுக்கப்பட்ட 'ஓட்சி' மனிதர் இறந்து சுமார் 5,300 ஆண்டுகள் ஆகின்றன. அவரது இடத்தோளில் அம்புமுனை ஒன்று புதைந்திருந்தது. அவருடன் 1.82 மீட்டர் நீள யூ மர வில்லும், தூணியில் 14 அம்புகளும் இருந்தன. அம்புகளில் முடிந்திருந்தவை இரண்டே இரண்டு. வில்லின் உடலெங்கும் செதுக்கிய தழும்புகள் இன்றும் தெரிகின்றன. சமன்செய்து மெருகேற்றும் கட்டம்வரை அவர் போகவேயில்லை. குதைகூட இன்னும் வெட்டவில்லை.