குடல் செல்லுக்கு மேல் எது, கீழ் எது?

காலையில் சாப்பிட்ட இட்லி சிறுகுடலுக்குப் போன பிறகும் உடம்புக்குள் போய்ச் சேரவில்லை. குடல் என்பது இரு பக்கமும் திறந்த குழாய். அதன் உள்ளே இருப்பதும் வெளியுலகம்தான். அந்த வெளியுலகுக்கும் நம் ரத்தத்துக்கும் நடுவே குடலின் உட்பரப்பில் இருப்பது ஒரே ஓர் அடுக்குச் செல்கள். அதற்கு எபிதீலியம் என்று பெயர். நாலைந்து நாளுக்குள் பழைய செல்கள் உதிர்ந்து புதியவை வந்துவிடும்.

இந்தச் செல்லுக்கு உணவைப் பார்த்த பக்கம் மேல், ரத்தத்தைப் பார்த்த பக்கம் கீழ். மேல் சவ்வில் எஸ்ஜிஎல்டி1 என்ற புரதம் இருக்கிறது. இரண்டு சோடியம் அயனிகள் கூட வந்தால்தான் அது ஒரு குளுக்கோஸை உள்ளே விடும். கீழும் பக்கவாட்டிலும் உள்ள சோடியம்-பொட்டாசியம் பம்ப், வந்த சோடியத்தை உடனுக்குடன் ரத்தத்தின் பக்கம் தள்ளிவிடுகிறது. அதனால் செல்லுக்குள் சோடியத்துக்கு எப்போதும் பற்றாக்குறை. மேலிருந்து சோடியம் குளுக்கோஸையும் இழுத்துக்கொண்டு இறங்குகிறது. அந்த குளுக்கோஸ் கீழே வேறொரு புரதத்தின் வழியாக ரத்தத்தில் சேர்கிறது. இந்தப் புரதங்கள் இடம் பார்க்காமல் எல்லாப் பக்கமும் கலந்து கிடந்தால், சர்க்கரை ஒரே திசையில் போவதற்குக் காரணமே இருக்காது.

யார் எங்கே இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது எது? விடையின் முதல் நுனி கிடைத்தது குடலில் அல்ல, மண்ணில் வாழும், ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள உருளைப்புழுவில். அதன் கரு முதல்முறை பிரியும்போது ஒரு செல் பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் வரும். சில மரபணுக்கள் பழுதானால் இரண்டும் ஏறக்குறைய சமமாகிவிடுகின்றன. கென் கெம்பியூஸும் கூட்டாளிகளும் 1988இல் இவற்றை அறிவித்து, பார் மரபணுக்கள் என்று பெயரிட்டார்கள். அதே வகைப் புரதங்கள் நம் குடலிலும் வேலை செய்கின்றன.

பார்-3, பார்-6, ஏபிகேசி ஆகியவை மேல்பக்கத்துக் கூட்டணி. பார்-1, ஸ்கிரிபிள், எல்ஜிஎல் ஆகியவை பக்கவாட்டைப் பிடித்தவை. பார்-1 தப்பித்தவறி மேலே வந்தால், ஏபிகேசி அதன்மீது ஒரு பாஸ்பேட்டை ஒட்டுகிறது. பார்-1 சவ்வை விட்டுக் கழன்றுவிடும். பார்-3 பக்கவாட்டுக்கு இறங்கினால் பார்-1 அதற்கும் அதே மரியாதையைச் செய்கிறது. எல்லைக்கல் நட மேலதிகாரி யாரும் இல்லை. இரண்டு பங்காளிகள் ஓயாமல் ஒருவரையொருவர் தள்ளுவதால் வரப்பு ஓரிடத்தில் நிற்கிறதே, அந்தக் கதைதான்.

அந்த எல்லையை ஒட்டித்தான் செல்லும் செல்லும் இணையும் சந்திப்புகள் அமைகின்றன. 1963இல் மெர்லின் ஃபார்குவாரும் ஜார்ஜ் பலாடேயும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் இவற்றை வரிசைப்படுத்திக் காட்டினார்கள். மேலே இறுக்கச் சந்திப்பு. அதற்கு அடியில் ஈ-கேடரின் புரதம் கைகோக்கும் ஒட்டுச் சந்திப்பு. கேடரினுக்குக் கால்சியம் தேவை. வளர்ப்புத் தட்டிலிருந்து கால்சியத்தை எடுத்துவிட்டால் செல்கள் பிடியை விடும்.

இறுக்கச் சந்திப்பு எதனால் ஆனது என்பது முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிடிபடவில்லை. ஜப்பானில் ஷோய்ச்சிரோ சுகிதாவின் குழு 1993இல் கோழி ஈரலிலிருந்து ஆக்ளூடினைக் கண்டுபிடித்தது. கதை முடிந்தது என்று பலரும் நினைத்திருக்கலாம். ஆனால் ஆக்ளூடின் மரபணுவை நீக்கிய செல்களிலும் சந்திப்பு கச்சிதமாகவே இருந்தது! குழு மறுபடியும் கோழி ஈரலுக்கே போய், 1998இல் கிளாடின்களைக் கண்டெடுத்தது. இந்தச் சந்திப்பே இல்லாத நார்ச்செல்களுக்குள் கிளாடினை மட்டும் செலுத்தியதும் அங்கே இறுக்கச் சந்திப்பின் இழைகள் முளைத்தன. என் கணக்கில் இந்தத் துறையின் மிக அழகான சோதனை இதுதான்.

மனிதரில் கிளாடின்கள் இருபதுக்கும் மேல். எல்லாமே அடைக்கும் புரதங்கள் அல்ல. கிளாடின்-2 சோடியத்தைச் செல்களின் இடுக்கு வழியே விடும். சிறுநீரகத்தில் கிளாடின்-16 பழுதானால் மெக்னீசியம் சிறுநீரோடு போய்விடும். கிளாடின்-1 இல்லாத எலிக்குட்டிகளோ தோல்வழியே நீர் வற்றிப் பிறந்த ஒரு நாளுக்குள் செத்துப்போயின.

இந்த ஒழுங்கைக் குலைக்கத் தெரிந்த கிருமியும் உண்டு. இரைப்பைப் புண்ணுக்கும் புற்றுநோய்க்கும் காரணமான ஹெலிகோபாக்டர் பைலோரி, கேக்-ஏ என்ற புரதத்தைச் செல்லுக்குள் செலுத்துகிறது. அது பார்-1ஐப் பிடித்து முடக்குகிறது. மேல் கீழ் குழம்புகிறது, சந்திப்பு தளர்கிறது.

காலரா வேறு ரகம். அதன் நச்சு, மேல்பக்கத்துக் குளோரைடு வாயில்களைத் திறந்துவிட, பின்னாலேயே நீர் குடலுக்குள் கொட்டுகிறது. ஆனால் எஸ்ஜிஎல்டி1 தன் இடத்திலேயே இருக்கிறது, பம்ப்பும் அப்படியே. உப்பும் குளுக்கோஸும் சேர்த்துக் கொடுத்தால் இரண்டும் உள்ளே போகும், நீரும் கூடவே போகும். 1971இல் மேற்கு வங்கத்தின் பன்கான் அகதி முகாமில் மருத்துவர் திலீப் மஹாலானாபிஸ் இதைப் பெரிய அளவில் செய்துகாட்டினார். 30 சதவீதம் அளவில் இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

இன்று ஓ.ஆர்.எஸ். என்னும் உப்பு-சர்க்கரைக் கரைசலின் பொட்டலத்தில் சோடியமும் குளுக்கோஸும், லிட்டருக்கு 75 மில்லிமோல் வீதம், சேர்த்தே வைக்கப்பட்டிருப்பது இதனால்தான். குழந்தை குடிக்கட்டும் என்று சர்க்கரையைக் கூட்டிக் கலக்காதீர்கள். உறிஞ்சாமல் மிஞ்சும் சர்க்கரை நீரைக் குடலுக்குள் இழுத்து வயிற்றுப்போக்கை அதிகமாக்கும். ஒரு லிட்டர் பொட்டலம் என்றால் முழுப் பொட்டலத்தையும் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் கரையுங்கள், கூட்டாமல், குறைக்காமல்.