கால் பார்க்கிற வேலை

புனே கராடியில் நான் இருக்கும் வீட்டுக்கு மேல்மாடியில் மதுரைப் பக்கத்துப் பையன்கள் நாலு பேர் இருக்கிறார்கள். ஐ.டி. வேலை. நான் விடிகாலை நாலு மணிக்கு பைக்கை உதைக்கும்போதுதான் அவர்கள் நைட் ஷிப்ட் முடிந்து படியேறுவார்கள். "அண்ணே, இங்கிலாந்துல என்னண்ணே வேலை பாத்தீங்க?" என்று ஒருவன் கேட்டான். "குதிரைச் சாணி அள்ளுனேன்" என்றேன். சிரித்தான். பொய்யில்லை. பாதி நேரம் அதுதான்.

அப்பா கிண்டி ரேஸ் கோர்ஸில் சைஸாக இருந்தார். குதிரையின் தீனி, தண்ணீர், மாலிஷ், நடை எல்லாம் சைஸின் பொறுப்பு. கோடையில் ஊட்டி சீசனுக்கு அவரோடு போவேன். கொள்ளு வேகும் வாசனைதான் எனக்குப் பள்ளி விடுமுறை. பிறகு நான் புனே வந்தேன். இங்கே சீசன் மழையோடு வரும்: ஜூலை தொடங்கி அக்டோபர் வரை. அதன்பின் குதிரைகள் மும்பை மகாலட்சுமி மைதானத்துக்கு வண்டி ஏறும். புனே மைதானம் 1830-லிருந்து இருக்கிறது. ஆனால் ஓடுவதெல்லாம் சமதரை ஓட்டம்தான், வேலி கிடையாது.

பிரிட்டனில் லாயங்களுக்கு ஆள் கிடைப்பதில்லை. அதனால் இந்திய மைதானங்களில் பழகிய பையன்கள் நிறையப் பேர் அங்கே போகிறார்கள். நானும் ஒரு சீசன் லாம்போர்ன் போனேன். லண்டனுக்கு மேற்கே, பெர்க்‌ஷயரில் இருக்கும் சின்ன ஊர். கடைத்தெருவில் மனிதர்களைவிடக் குதிரைகளே அதிகம் என்று தோன்றும்.

அங்கே வேலி தாண்டும் ஓட்டம் குளிர்காலத்து விளையாட்டு. 1752-ல் அயர்லாந்தில் இரண்டு பேர் பந்தயம் கட்டி, ஒரு தேவாலயக் கோபுரத்திலிருந்து இன்னொரு கோபுரம் வரை, நடுவில் வந்த வேலி வாய்க்கால் எல்லாவற்றையும் தாண்டி ஓட்டினார்களாம்; கதை அங்கிருந்து தொடங்குகிறது. இப்போது இரண்டு வகை. சின்னத் தடுப்பு மூன்றரை அடி. பெரிய வேலி குறைந்தது நாலரை அடி. ஏப்ரலில் நடக்கும் கிராண்ட் நேஷனல் பந்தயத்தில் நாலேகால் மைலுக்கு மேல் ஓடி முப்பது வேலி தாண்ட வேண்டும். முன்பு 40 குதிரைகள் ஓடின. 2024 முதல் 34 தான்.

நம்மூர்ப் பந்தயக் குதிரைக்கு இரண்டு வயதிலேயே ஓட்டம் தொடங்கிவிடும். பழகுவதற்குள் கைமாறிப் போய்விடும். அங்கே பத்து வயதைத் தாண்டியும் ஓடும். ரெட் ரம் என்ற குதிரை 1973, 1974-ல் கிராண்ட் நேஷனலை ஜெயித்து, 1977-ல் பன்னிரண்டு வயதில் மூன்றாவது முறையும் ஜெயித்தது. எனக்குக் கொடுத்த மூன்று குதிரைகளில் ஒன்றுக்குப் பதினோரு வயது. காயடித்த பழுப்புக் குதிரை. நான் 'தாத்தா' என்று கூப்பிடுவேன், காதைத் திருப்பும்.

கோடை முழுக்கப் புல்லில் கிடந்து தொப்பை போட்ட குதிரைகளை ஜூலையில் உள்ளே கொண்டுவருவார்கள். உடனே ஓடவிட மாட்டார்கள். வாரக்கணக்கில் தார் ரோட்டில் நடை, பிறகு மெல்லோட்டம். கால் இறுகத்தான் இது. அதன் பிறகே மேட்டில் ஓட்டம், கட்டை தாண்டப் பழக்கம். அக்டோபரில் முடியை மெஷின் வைத்து வெட்டிக் கம்பளி போர்த்துவோம். டிசம்பரில் எட்டு மணிக்குத்தான் விடியும். நாங்கள் இருட்டிலேயே சாணி அள்ளி முடித்திருப்போம். குதிரைமசால் கேட்டேன், பாதி காய்ந்த புல்லை பிளாஸ்டிக்கில் சுற்றிப் புளிக்கவைத்ததைக் காட்டினார்கள். நம் ஊறுகாய் மாதிரி ஒரு வாசனை. குதிரை அதை விட்டுத் தலை தூக்காது.

ஆனால் சாணிக்கும் முன்னால் ஒரு வேலை உண்டு. கதவைத் திறந்ததும் குனிந்து, முன்னங்காலில் முட்டிக்குக் கீழே, பின்பக்கம் ஓடும் நரம்பைக் கையால் தடவிப் பார்க்க வேண்டும். டாக்டர்கள் தசைநாண் என்பார்கள். வேலி தாண்டி இறங்கும்போது ஐந்நூறு கிலோ உடம்பும் ஒரு கணம் ஒரே முன்னங்காலில் வந்து நிற்கும். அந்த நரம்பில் ஒரு இழை அறுந்தாலும் முதலில் தெரிவது சூடுதான். நொண்டல் பிறகுதான் வரும்.

பிப்ரவரியில் ஒரு காலை. தாத்தாவுக்கு இரண்டு நாளில் பெரிய பந்தயம். இடது காலில் கை வைத்தேன். வலது காலைத் தொட்டேன். மறுபடி இடது. குளிரில் என் விரலே மரத்திருந்தது, அதனால் கையை அக்குளில் சூடுபடுத்தித் திரும்பவும் பார்த்தேன். துளி வித்தியாசம். குதிரை நன்றாகத்தான் நடந்தது. தப்பாகச் சொன்னால் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள், சொல்லாமல் விட்டால்? தலைமை லாயக்காரரிடம் சொன்னேன். அவருக்கும் சந்தேகம்தான். ஸ்கேன் எடுத்தார்கள். நரம்புக்குள் பட்டாணி அளவு கறுப்புப் புள்ளி இருந்தது.

பந்தயம் போயிற்று, சீசனும் போயிற்று. குதிரையின் சொந்தக்காரருக்கு முகம் சுண்டிவிட்டது. இரண்டு மாதம் குளிர்ந்த தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு அந்தக் காலோடு நின்றேன். ஜெயித்த குதிரையின் பரிசுப் பணத்தில் லாயக்காரர்களுக்கும் பங்கு உண்டு. தாத்தாவால் எனக்கு அந்த வருஷம் ஒரு பைசா வரவில்லை. ஆனால் கால் இருந்தது.

அடுத்த ஏப்ரலில் கிராண்ட் நேஷனலை போனில் பார்த்தீர்களானால், ஜெயித்த குதிரை எது என்று தெரிந்ததும் அணைத்துவிடாதீர்கள். இன்னும் ஐந்து நிமிஷம் பாருங்கள். மூச்சிரைக்கத் திரும்பும் குதிரையிடம் தண்ணீர் வாளியோடு ஓடுகிற ஆளின் கை, குனிந்ததும் எங்கே போகிறது என்று கவனியுங்கள்.