அசலும் நகலும் – 9: கழுத்து அறுபட்ட பனியன்

சென்ற வாரம் கைக்கடிகாரத்தின் பின்மூடியைக் கழற்றிப் பார்த்தோம். மணிக்கு 28,800 அதிர்வு கொண்ட எந்திரம் என்றால் விநாடி முள் ஒரு நொடிக்குள் எட்டுச் சின்ன அடி வைத்து வழுக்கிக்கொண்டு போகும். பேட்டரியில் ஓடும் மலிவுப் போலியில் அதே முள் நொடிக்கொரு தரம் டக்கென்று குதிக்கும். தேர்ந்த போலிகள் இந்தச் சோதனையிலும் தப்பிவிடும். ஆனாலும் மூடியைத் திறந்தால், விவரம் தெரிந்த மெக்கானிக்கிடம் எந்திரம் உண்மையைச் சொல்லிவிடும் என்று முடித்திருந்தேன்.

கடிகாரத்திலேயே இன்னொரு குழப்பமான இனம் உண்டு. எச்.எம்.டி. 1961இல் ஜப்பானின் சிட்டிசனோடு சேர்ந்து பெங்களூரில் கடிகாரம் செய்ய ஆரம்பித்தது. அதன் கடிகாரப் பிரிவை மூடிவிட 2016இல் மத்திய அரசு முடிவெடுத்தது. கம்பெனி போன பிறகு பழைய சரக்குக்குக் கிராக்கி வந்தது. சந்தையில் கிடைக்கும் பல ‘ஜனதா’ கடிகாரங்களில் உள்ளே ஓடுவது அசல் எச்.எம்.டி. எந்திரம்தான். டயலில் மட்டும், கம்பெனி எந்தக் காலத்திலும் போடாத ஊதாவும் ஆரஞ்சும். வயிறு அசல், முகம் நகல். இதைப் போலி என்பதா, பழுதுபார்த்தது என்பதா?

அந்தக் கேள்வியோடுதான் இந்த வாரம் திருப்பூரில் இறங்கினேன்.

ரயிலடியிலிருந்து நடக்கிற தூரத்தில் காதர்பேட்டை. சந்து முழுக்கப் பனியன் கடைகள். வாசலில் மூட்டை பிரிந்து கிடக்கிறது. வெளியூர் வியாபாரிகள் குந்தியபடி பீஸ் எண்ணுகிறார்கள். ஒரு கடையில் ஏறினேன். கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். நான் வந்த விஷயத்தைச் சொன்னதும், ஒரே வெளிநாட்டுப் பெயர் கொண்ட இரண்டு டி-ஷர்ட்டை எடுத்து மேசைமேல் விரித்தார்.

“இதுல எது ஒரிஜினல்னு சொல்லுங்க பாக்கலாம்.”

ஒன்றில் கழுத்து லேபிள் பளிச்சென்று இருந்தது. விலை அட்டை, பிளாஸ்டிக் உறை எல்லாம் ஒழுங்கு. இன்னொன்றில் லேபிளைப் பாதியில் கத்தரித்திருந்தார்கள். மிச்சம் இரண்டரை எழுத்து. அதன் குறுக்கே கறுப்பு மார்க்கரில் ஒரு கோடு வேறு. யோசிக்காமல் முதலாவதைக் காட்டினேன்.

“எல்லாரும் அதைத்தானுங்க காட்டுவாங்க” என்று சிரித்தார்.

ஏன் என்று புரிய, கம்பெனிக்குள் போய்வர வேண்டும். பிறர் பெயருக்குத் தைத்தே வளர்ந்த ஊர் திருப்பூர். வெளிநாட்டு பையர் 10,000 பீஸ் ஆர்டர் கொடுத்தால், கட்டிங்கிலேயே நூற்றுக்கு மூன்று, ஐந்து என்று கூடுதலாக வெட்டுவார்கள். டையிங்கில் ஷேட் மாறும், ஓவர்லாக்கில் துணி கடிபடும், பிரிண்டிங்கில் மை ஒழுகும்; கழிவு போக எண்ணிக்கை குறையக் கூடாதல்லவா? எல்லாம் நல்லபடியாக வந்துவிட்டால் அந்தக் கூடுதல் அப்படியே மிஞ்சும். அதுதான் சர்ப்ளஸ்.

பிறகு இன்ஸ்பெக்‌ஷன். 10,000 பீஸ் கொண்ட லாட்டிலிருந்து 200 பீஸை உருவிப் பார்ப்பார்கள். ஏ.க்யூ.எல். 2.5 என்ற வழக்கமான கணக்கில், கண்ணை உறுத்தும் குறை 10 வரை இருந்தால் லாட் தேறும். 11 ஆனால் மொத்தமும் நிற்கும். திரும்ப செக்கிங் போட்டுத் தேற்றுவதுண்டு. அதற்குள் கப்பல் தேதி தவறிவிட்டால் தேறியும் பயனில்லை. ஒரேயொரு பீஸின் குறைக்காகப் பழுதில்லாத ஆயிரக்கணக்கான பனியன் குடோனில் உட்காரும்.

இதெல்லாம் கடைசியில் காதர்பேட்டை மாதிரி இடத்துக்கு வந்து சேரும். ஆனால் தன் பெயரோடு மலிவு விலையில் விற்கப்படுவதை எந்த பிராண்டும் விரும்பாது. ‘வெளியே விடுவதானால் லேபிளை எடுத்துவிடு, அல்லது வெட்டிவிடு’ என்பது பல பையர்களின் நிபந்தனை. ஆக, அசல் கம்பெனிச் சரக்கு கழுத்து அறுபட்டு வருகிறது. அந்தப் பெயரை யாரிடமும் கேட்காமல் போட்டுக்கொண்ட சரக்கு முழு லேபிளோடு மினுங்குகிறது.

கடிகாரத்துக்கும் பனியனுக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். போலிக் கடிகாரம் பெரும்பாலும் வேறு தேசத்தில், வேறு கைகளில் பிறக்கிறது. போலிப் பனியனோ அசல் பிறந்த அதே ஊரில் பிறக்கலாம். நூல், நிட்டிங், சாயம், பிரிண்டிங், எம்ப்ராய்டரி, பட்டன், லேபிள் எல்லாம் இந்த ஊருக்குள்ளேயே கிடைக்கும். பகலில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் ஓட்டிய டெய்லர், அடுத்த மாதம் வேறொரு பவர்டேபிளில் பீஸ் ரேட்டுக்கு உட்காருவார். கை அதேதான், பேட்லாக் மெஷினும் அதேதான். அசலுக்கும் நகலுக்கும் நடுவே நிற்பது ஒரு காகிதம்: பையர் கொடுத்த ஆர்டர். அது ஏதோ ஓர் அலுவலகக் கோப்பில் இருக்கிறது. பனியனில் கழற்றிப் பார்க்கப் பின்மூடி கிடையாது.

ஆகவே கேள்வியை இரண்டாகப் பிரித்துக்கொள்வது நல்லது. இது நல்ல பனியனா என்பது ஒன்று. இந்தப் பெயர் போட இதற்கு உரிமை உண்டா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு விரலே பதில் சொல்லும்.

கடைக்காரர் இரண்டையும் உள்பக்கம் புரட்டினார். “வெளிய பாக்காதீங்க. உள்ள பாருங்க.” முழு லேபிள்காரனின் தோள் தையலில் நாடா இல்லை; அந்த இடம்தான் நாளடைவில் தொங்கும். நெஞ்சில் எம்ப்ராய்டரி எழுத்துகளுக்கு நடுவே நூல் வெட்டப்படாமல் ஓடியது. கழுத்து ரிப்பை இழுத்துவிட்டார். போன ரிப் முழுதாகத் திரும்பவில்லை. லேபிள் வெட்டுப்பட்டதை இழுத்தார். சட்டென்று பழைய அளவுக்கு வந்து நின்றது. அடிமடிப்பில் இரட்டை ஊசித் தையல் கோடு பிசகாமல் சுற்றி வந்திருந்தது.

அடுத்து ஜி.எஸ்.எம்., அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு. கம்பெனிகளில் 100 சதுர சென்டிமீட்டருக்கு வட்டமாகத் துணியை நறுக்கும் கட்டர் ஒன்று உண்டு. நறுக்கிய வில்லையைத் தராசில் போட்டு 1.8 கிராம் வந்தால் 180 ஜி.எஸ்.எம். கடையில் அதெல்லாம் முடியாது. இவர் இரண்டையும் இரண்டு உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தே சொல்கிறார்.

‘நூறு சதவீதம் காட்டன்’ என்று அச்சிட்டிருந்தால், பக்கத்தையலின் உள்ளே இருந்து நாலு இழை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம்போல எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் கலந்திருந்தால் உருகி, ஆறியதும் கெட்டி மணியாக விரலில் உருளும். கடைசிச் சோதனை வீட்டு வாளியில். நூலில் மிச்சமிருக்கும் முறுக்கு தண்ணீர் பட்டதும் விடுபட, மட்டமான துணியில் பக்கத்தையல் திருகிக்கொண்டு வயிற்றுப் பக்கம் வந்துவிடும்.

இரண்டாவது கேள்விக்கு ஓரளவு உதவுவது இடுப்போரம் உள்ளே இருக்கும் வாஷ்கேர் லேபிள். அதில் ஸ்டைல் எண், ஆர்டர் எண், துணியின் கலவை, நாட்டின் பெயர் இருக்கும். அமெரிக்காவுக்குப் போகும் உடையில் ‘ஆர்.என்.’ என்று தொடங்கும் எண்ணைப் பார்க்கலாம். அந்நாட்டு ஃபெடரல் டிரேட் கமிஷன் தருவது. அதன் இணையதளத்தில் தேடினால் எந்த நிறுவனத்துக்கு உரியது என்று தெரிந்துவிடும். போலிக்காரர்கள் இதில்தான் சோம்பேறித்தனம் காட்டுவார்கள். வட்டக் கழுத்துக்கும் காலர் வைத்ததற்கும் ஒரே ஸ்டைல் எண்ணை ஓட்டிவிடுவார்கள்.

சட்டம் துணியைத் தொட்டுப் பார்ப்பதில்லை, பெயரைத்தான் பார்க்கிறது. 1999ஆம் ஆண்டு வர்த்தகச் சின்னங்கள் சட்டத்தின் 103, 104 பிரிவுகள்படி, பிறர் சின்னத்தைப் பொய்யாகப் போடுவதும், போட்டதை விற்பதும் குற்றம். ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறை, ரூ.50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். துணி உயர்ந்த ரகம், தைத்தவர் கைதேர்ந்தவர் என்றெல்லாம் வாதாடிப் பயனில்லை. ஏன், சர்ப்ளஸையே பிராண்டுக்காரர் சம்மதமில்லாமல் முழு லேபிளோடு விற்றாலும் வம்புதான்.

வெட்டுப்பட்டதை வாங்கிக்கொண்டேன். பையில் போட்டுக் கொடுக்கும்போது, இனிமேல் ஏமாற மாட்டேன், லேபிள் வெட்டுப்பட்டிருந்தால் அசல் என்று பெருமையாகச் சொன்னேன்.

“அப்படியும் நம்பிராதீங்க” என்றார் அவர். “லேபிள் தச்சு வெக்கத்தானுங்க மெஷின் வேணும். வெட்டறதுக்குக் கத்தரி போதுமே.”

நான்கு சலவை ஆகிவிட்டது. பக்கத்தையல் திருகவில்லை, கழுத்து தொங்கவில்லை. கழுத்துக்குப் பின்னால் நிற்கும் அந்த இரண்டரை எழுத்து உண்மையா என்பது மட்டும் எனக்கு இன்றுவரை தெரியாது.

(அடுத்த வாரம்: பட்டுச்சேலையும் ஜரிகையும்)